இருநூற்று முப்பத்து மூன்று துடுப்பு

வலது கைச் சுண்டுவிரலை அவள் கடைசியில்தான் எடுப்பாள். இருப்பதிலேயே பிடிவாதம் பிடித்தது அதுதான். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் கட்டைவிரலை மெதுவாக விலக்க வேண்டும். அது விலகினால் மற்ற விரல்கள் தானாக இளகும். இழுத்துப் பிரித்தால் இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை ஊற வைத்து, உள்ளங்கை மடிப்பில் சேர்ந்த அழுக்கைப் பஞ்சால் எடுத்து, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் நகவெட்டி. பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதெல்லாம் தெரியாமல் விட்டதில் நகம் உள்ளங்கைக்குள் வளர்ந்து புண்ணாகிவிட்டது. ஆறிப்போன தழும்பு இன்னும் இருக்கிறது.

“வலிக்குதா மாஸ்டர்?”

“சரி சரி,” என்றார் அவர்.

பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றாலும் சரி சரி. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றாலும் சரி சரி. படகுத்துறையில் காலை ஐந்து மணியிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பயிற்சியாளர் அவர். அவளுக்கும் முதலில் பயிற்சியாளர்தான், பிறகுதான் கணவர். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம் ஆகியும் அவளுக்கு அவர் மாஸ்டர், அவருக்கு அவள் நெட்டை.

கைபேசி அடித்தபோது நகவெட்டி நடுவிரலில் இருந்தது. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

“மேடம், சர்வேயர் பேசறேன். ஏரியிலேர்ந்து.”

“ஞாயித்துக்கிழமை கூடவா அளக்கறீங்க?”

“புது மிதவைக் கயிறு போடறதுக்கு அளந்துட்டிருந்தோம். தண்ணி ரொம்பக் கீழ போயிருக்கில்ல, தொடக்க மேடைகிட்ட சேத்துல ஒரு பழைய சிமெண்டுக் கட்டி வெளிய தெரியுது. நீங்க வந்து பாத்தா நல்லது.”

“கட்டிதானே? எடுத்துக் கரையில போடுங்க.”

“எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க மேடம். அதுல எழுதியிருக்கு. இன்னிக்கே வாங்க. மழை வரப்போகுதாம். வந்துட்டா மறுபடி மூழ்கிடும்.”

வருகிறேன் என்றாள். மோதிரவிரல், சுண்டுவிரல் இரண்டையும் முடித்தாள். உள்ளங்கையில் துணிச்சுருளை வைத்து விரல்களை அதன்மேல் மூடினாள். தண்ணீரைக் கொட்டினாள்.

பத்து மணிக்கு மகள் வந்தாள். ஞாயிறுதோறும் வருவாள், திங்கள் காலை வரை இருப்பாள். ரத்த வங்கியில் பரிசோதனை வேலை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராகப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அப்பாவின் அறைக்குள் கால் வைப்பாள்.

“வெளிக்குப் போனாரா?”

“நேத்துக் காலையில. இன்னிக்கு இல்ல.”

“எந்தப் பக்கம் படுக்க வச்சிருக்கீங்க?”

“இடது. பன்னெண்டுக்கு மாத்தணும். தண்ணில பவுடர் கலந்து கெட்டியாக்கி வச்சிருக்கேன், அதையே குடு. வெறும் தண்ணி குடுத்தா பொறையேறும்.”

“தெரியும்மா.”

தாயும் மகளும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இவ்வளவுதான். அதில் குறை ஒன்றுமில்லை. படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டில் பேசவேண்டியது அதுதான். ஆனால் படுக்கையில் ஆள் விழுவதற்கு முன்னாலும் ஏழெட்டு வருடம் அவர்கள் இவ்வளவுதான் பேசினார்கள்.

நெட்டை செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்தப் பெயர் அவளுக்குப் பதினேழு வயதில் வந்தது. மாணவர் விடுதி ஒன்றின் துணி துவைக்கும் கூடத்தில் அவளுடைய அம்மாவுக்கு வேலை. நனைந்த கம்பளியை ஒரு முனையில் இரண்டு பெண்கள் பிடிக்க, மறுமுனையில் இவள் ஒருத்தியே நின்று முறுக்குவாள். தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை விடமாட்டாள். அப்படி ஒருநாள், கூடத்துக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரையில் லாரியிலிருந்து எட்டுப் பேர் படகு ஒன்றை இறக்க ஒரு ஆள் குறைந்தது. புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் சுவருக்கு மேலே தெரிந்த தலையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“ஏ நெட்டை! இங்க வந்து ஒரு கை புடி.”

பிடித்தாள். படகை வைத்த பிறகு அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து விரல்வரை கையைப் பார்த்தார். ஒற்றையர் படகு ஒன்றில் உட்கார வைத்தார். ஒரு முழம் அகலம்கூட இல்லாத படகு. அன்று மூன்று முறை கவிழ்ந்தாள். மூன்றாவது முறை அவளை வெளியே இழுத்த பிறகுதான் அவருக்கு ஒன்று தோன்றியது.

“ஆமா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“இப்பத்தான் கேக்கறீங்களா?” என்றாள், வாயிலிருந்த ஏரித்தண்ணீரைத் துப்பிவிட்டு.

படகு வலிப்பவர்கள் போகிற இடத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவர்கள். விட்டுவந்த இடம்தான் கண்ணில் படும், முடிவுக்கோடு படாது. எவ்வளவு தூரம் இன்னும் இருக்கிறது என்று தெரிய ஒரே வழி எண்ணுவது. ஒரு துடுப்பு, ஒரு மூச்சு, ஒரு எண். நெட்டை எண்ணுவதில் கெட்டி. இரண்டு கிலோமீட்டருக்கு அவளுக்கு இருநூற்று முப்பத்தெட்டுத் துடுப்பு. காற்று முதுகில் அடித்தால் முப்பத்தாறு, எதிரே அடித்தால் நாற்பத்தொன்று. ஏழு வருடம் அந்த ஏரியில் காலையும் மாலையும் வலித்ததில் முப்பத்தாறுக்குக் கீழே போனதே இல்லை. கடைசிப் பத்துத் துடுப்புக்கு என்று உடம்பில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பாள். இருநூற்று இருபத்தெட்டில் அதை எடுப்பாள்.

இருபத்து நான்காவது வயதில் தேசியப் போட்டி அவர்கள் ஏரியிலேயே நடந்தது. இந்த வருடத்தைப் போலவே அன்றும் வறட்சி. கடைசிப் பத்தை எடுத்து ஐந்து துடுப்புதான் போட்டிருப்பாள், ஹாரன் அடித்துவிட்டது. இருநூற்று முப்பத்து மூன்று. யாரோ தவறுதலாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு துடுப்பு வலித்தாள். கரையில் எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு வினாடி. தேசிய சாதனை.

அன்று மாலை படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“மாஸ்டர், இன்னிக்கு அஞ்சு துடுப்பு கம்மியா வந்துச்சு.”

அவர் துடுப்பின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “நீளமா வலிச்சிருக்க.”

ஒரே நாளில் யாருக்கும் கை நீளாது. அது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் கழுத்தில் பதக்கம் இருந்தது, மறுநாள் செய்தித்தாள்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் 233 என்று எழுதி மூடிவைத்தாள். அதன்பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மறுவருடம் கல்யாணம். அதன்பிறகு மூன்று பருவம் வலித்தும் ஏழு ஐம்பதுக்குக் கீழே அவள் வரவே இல்லை. “நெட்டைக்குக் கல்யாணம் பத்து செகண்டு” என்று படகுத்துறையில் கேலி பேசினார்கள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

சாதனையாளர் ஒதுக்கீட்டில் படகுச் சங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் சரிந்த கூரையோடு இரண்டு அறை. உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். அவள் நெற்றியில் இடித்துக்கொண்டே படிப்படியாக மேலே போனாள். தட்டச்சு, கோப்பு, போட்டி அட்டவணை, துணைச் செயலாளர், பதினாறு வருடமாகச் செயலாளர். ஒரு குற்றம் சொல்ல முடியாத நிர்வாகி. வெளிநாட்டுப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பது அதுவரை யாருடைய மாமா யாருக்குத் தெரிந்தவர் என்பதைப் பொறுத்திருந்தது. அவள்தான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் விதி எழுதினாள். அந்தந்தப் பிரிவின் சாதனை நேரம், அதோடு ஆறு வினாடி. அதற்குள் வந்தால் அனுப்பு. வராவிட்டால் அமைச்சர் பேத்தியானாலும் வீட்டுக்குப் போ.

நல்ல விதி. மற்றப் பிரிவுகளில் ஒழுங்காக வேலை செய்தது. பெண்கள் ஒற்றையரில் மட்டும் இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தியும் தேறவில்லை. நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று குழுவில் மூன்று முறை பேச்சு வந்தது. மூன்று முறையும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: “என்னால முடிஞ்சது இவங்களால ஏன் முடியாது?”

மகள் நடக்கக் கற்பதற்கு முன்பே தண்ணீரில் கிடந்தவள். அப்பா அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவார். பத்தொன்பது வயதில் அவள் தேர்வு ஓட்டத்துக்கு வந்தாள். தகுதி நேரம் ஏழு நாற்பத்தேழு புள்ளி இரண்டு. மகள் வந்தது ஏழு நாற்பத்தொன்பது. ஒன்று புள்ளி எட்டு வினாடி அதிகம். முடிவுகளை வாசித்தது நெட்டைதான். மற்றவர்களுக்கு வாசித்த அதே குரலில் “தகுதி பெறவில்லை” என்று வாசித்தாள். சொந்த மகளையே தள்ளியவர் என்று செய்தித்தாளில் நாலு வரி பாராட்டு வந்தது. மகள் தன் படகைத் தானே தூக்கிப்போய்த் துடைத்து அடுக்கில் வைத்தாள். “நான் பஸ்ஸுல போறேன்,” என்றாள். அடுத்த மாதம் ஆய்வுக்கூடப் படிப்பில் சேர்ந்தாள். துடுப்பைத் தொடவில்லை. மாஸ்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெண்ணுக்காக வருத்தப்படுகிறார் என்று நெட்டை நினைத்தாள்.

ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. சர்வேயர் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு சேற்றில் நின்றார். தொப்பி, வியர்வை, கையில் சுருட்டிய நாடா.

“பாத்து வாங்க மேடம். இந்தப் பலகை மேல கால வைங்க.”

கட்டி ஒரு பெட்டி அளவுக்கு இருந்தது. மேலே துருப்பிடித்த இரும்பு வளையம். மிதவை மேடையை ஒரே இடத்தில் நிறுத்த அடியில் இறக்குகிற எடை அது. சிமெண்டு காய்வதற்கு முன்னால் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். ஒரு தேதி. அதன் கீழே “42 மீ முன்”.

அந்த நாலை அவளுக்குத் தெரியும். கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி நாலு போடுகிறவர் ஒருவர்தான். முப்பது வருடம் நேரக் குறிப்பு எழுதிய கை.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். “வறட்சியில இந்த முனையில தண்ணி பத்தாம மேடைய முன்னாடி நகத்தியிருக்காங்க. நகத்தினா முடிவுக்கோட்டையும் அதே அளவு தள்ளணும். அங்க நடுவர் கோபுரம் காங்கிரீட்டு. அது நகரல. நான் ரெண்டு தடவ நாடா போட்டுட்டேன். நாப்பத்திரண்டு மீட்டர் கம்மி.”

“ம்.”

“தேதி உங்க போட்டிக்குப் பத்து நாள் முன்னாடி மேடம். ஆபீஸ்ல சாதனைப் பலகையில பாத்திருக்கேன்.”

“பதக்கம் போகாது,” என்றாள் அவள். “எல்லாரும் அதே தூரம்தான் வலிச்சோம்.”

“பதக்கம் போகாது. சாதனைதான்…” அவர் மீதியை விழுங்கினார். “ரிப்போர்ட்ல நான் இத எழுதணுமா மேடம்? புது லைனுக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தம் இல்ல. எழுதலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு மழை பெஞ்சா ஏரியே மூடிக்கும்.”

“பேனா இருக்கா?”

பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு மீட்டருக்கு நானூற்று அறுபத்தொன்று புள்ளி இரண்டு வினாடி என்றால் இரண்டாயிரத்துக்கு எவ்வளவு. ஏழு நிமிடம் ஐம்பத்தொன்று புள்ளி ஒன்று வந்தது. இன்னொரு முறை போட்டாள். அதேதான். நாற்பத்திரண்டு மீட்டரில் எத்தனை துடுப்பு என்று போட வேண்டியிருக்கவில்லை. ஐந்து.

பிறகு இரண்டாவது கழித்தல். அதற்கு எதையும் புரட்டிப் பார்க்க வேண்டாம். மகளுடைய நேரம் மனப்பாடம். ஏழு நாற்பத்தொன்பது. முழு இரண்டாயிரம். அந்தப் பெண் அன்று தகுதி பெற்றது மட்டுமல்ல. தாயை இரண்டு வினாடி முந்தியிருந்தாள்.

சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்பதுபோல் இருந்தது. கால் இருக்கிறது என்று தெரிகிறது, தரை இருக்கிறது என்று தெரியவில்லை. சர்வேயர் முகத்தில்தான் கலக்கம்.

“தண்ணி வேணுமா மேடம்?”

“வேணாம். நல்லாப் படம் எடுத்துக்குங்க. நாடாவ வச்சு எடுங்க. ரிப்போர்ட்ல எழுதுங்க.”

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே சங்கத் தலைவரைக் கூப்பிட்டாள். இந்த வருடத் தேர்வு ஓட்டத்துக்கான தகுதி நேர அறிவிப்பு மறுநாள் காலை போக வேண்டும். பெண்கள் ஒற்றையருக்குப் பதினொரு பெயர் வந்திருந்தது. பழைய நேரமே போனால் அந்தப் பதினொரு பேரும் வழக்கம்போல் வீட்டுக்குப் போவார்கள்.

தலைவர் முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார். “நெட்டை மேடம், உங்களுக்கு வேற வேலையே இல்லையா? முப்பது வருஷக் கதை.”

“அளவு தப்பு சார்.”

“இருக்கட்டும். நேரம் கடுமையா இருக்குன்னு பொதுவா ஒரு காரணம் சொல்லிப் பத்து செகண்டு தளர்த்திக்குங்க. நான் ஒத்துக்கறேன். உங்க சாதனையும் பலகையில இருக்கட்டும், பசங்களும் போகட்டும். யாருக்கு நஷ்டம்?”

“இதுவரைக்கும் தள்ளினவங்க?”

“அவங்களுக்கெல்லாம் கல்யாணம் காட்சி ஆகி எங்க இருக்காங்களோ. இப்பப் போயி, ‘நாங்க தப்பாத் தள்ளிட்டோம்’னு சொன்னா சும்மா இருப்பாங்களா? முதல் கேள்வி உங்க வேலைதான். எதுல கெடச்ச வேலைன்னு தோண்டுவாங்க. நாலு வருஷத்துல ஓய்வு. வீட்டுல அவர் வேற இப்படி. யோசிங்க.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து யோசித்தாள். தலைவர் காட்டிய வழியில் போனால் எல்லாம் சரியாகிவிடும். மகளுக்கு மட்டும் தெரியாது.

நான்கு மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றும் நேரம். ஆள் மேலேயே இருக்க விரிப்பை மாற்ற இரண்டு பேர் வேண்டும். நோயாளியை ஒருபக்கம் திருப்பி, பழையதை முதுகோடு ஒட்டச் சுருட்டி, புதியதை அதன் பக்கத்தில் பாதி விரித்து, அந்த மேட்டைத் தாண்டி அவரை மறுபக்கம் உருட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; தோளிலும் இடுப்பிலும் தள்ள வேண்டும்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்றாள் மகள். மாஸ்டர் தாயின் பக்கம் திரும்பினார். அவருடைய முகம் நெட்டையின் வயிற்றருகே இருந்தது.

நெட்டை அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கட்டி, தேதி, நாற்பத்திரண்டு மீட்டர், ஏழு ஐம்பத்தொன்று. மகள் பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். முதுகெலும்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“அப்ப நான் உங்கள விட ஃபாஸ்ட்டா?”

“ரெண்டு செகண்டு.”

“ரெண்டுதானா?”

“ரெண்டு புள்ளி ஒண்ணு.”

“ம். புது விரிப்ப எடுங்க. அது இல்ல, அந்த நீலம்.”

நீலத்தை விரித்தாள். மகள் மூலையை மடித்துச் செருகினாள்.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியாதாம்மா?”

இந்தக் கேள்விக்குப் பேருந்தில் பதில் தயார் செய்துதான் வந்திருந்தாள். சர்வேயரிடமும் தலைவரிடமும் சொல்லாத ஒரு எண் அந்தப் பதிலிலும் இல்லை. இப்போது அந்த எண்தான் வாயில் வந்தது.

“இருநூத்தி முப்பத்தி மூணு வந்துச்சு. அஞ்சு துடுப்பு கம்மி. எண்ணினேன். உங்க அப்பாகிட்டக் கேட்டேன். நீளமா வலிச்சிருக்கன்னாரு. நம்ப வசதியா இருந்துச்சு, நம்பிட்டேன்.”

மகள் குனிந்து அப்பாவின் காதருகே, “ப்பா. மேடைய நகத்தினது உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள்.

“சரி சரி.”

“அவர் அதத்தான் சொல்லுவாரு. கட்டைவிரலக் கேளு,” என்றாள் நெட்டை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லித்தந்த முறை அது. ஆமாம் என்றால் இடது கட்டைவிரல் மேலே, இல்லை என்றால் கீழே. கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும். அப்போதுதான் புரிந்து சொல்கிறாரா என்று தெரியும்.

“தெரியுமாப்பா?”

கட்டைவிரல் மேலே போனது.

“தெரியாதாப்பா?”

மேலே போனது.

“நான் வாத்து தானேப்பா?”

மேலே போனது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் அந்தக் கண்ணில் எப்போதும்தான் நீர் வழியும். இமை சரியாக மூடாது. மகள் பஞ்சை எடுத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தாள்.

“விடுங்க,” என்றாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு.”

மேட்டைத் தாண்டி உருட்டினார்கள். அழுக்கு விரிப்பை எடுத்துக்கொண்டு மகள் வாசல்வரை போய் நின்றாள்.

“பலகையில என் பேர் வருமா?”

“வராது. தேர்வு ஓட்ட நேரம் சாதனையில சேராது. போட்டியில வந்ததுதான் சேரும். வேற ஒரு பொண்ணு போகும்.”

“விதி.”

“விதிதான்.”

“உங்ககிட்ட வேற என்னத்த எதிர்பாக்க முடியும்.” மகள் சிரித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. “என்ன மாதிரி இன்னும் எத்தன பேரு?”

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கு. பாக்கணும். பன்னெண்டு பதிமூணு இருக்கும்.”

“அவங்ககிட்ட யாரு சொல்லுவாங்க?”

நெட்டை தலையணையைத் தட்டி மாஸ்டரின் முழங்கால்களுக்கு நடுவில் வைத்தாள். மகள் துவைக்கும் இயந்திரத்தில் விரிப்பைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“தலைவர் வேணாங்கறாரு,” என்றாள். “சும்மா தளர்த்திட்டா போதுமாம். சொன்னா வேலை போகலாம்.”

“போனா என்ன பண்ணுவீங்க?”

“தெரியல.”

“எனக்கும் தெரியல,” என்றாள் மகள். “ஆனா எங்கிட்டச் சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சு மத்தவங்களுக்குத் தெரியலன்னா, அது சிபாரிசும்மா.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே நெட்டை கிளம்பிவிட்டாள். மகள் அப்பாவுக்குப் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயா வரும்வரை இருப்பாள்.

“என் பேரும் லிஸ்டுல இருக்குமில்ல?” என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

“இருக்கும்.”

“எனக்கும் போன் பண்ணுங்க. முதல்ல வேணாம். வரிசையில வரும்போது.”

அலுவலகத்தில் துப்புரவுப் பெண் தவிர யாரும் வரவில்லை. தேர்வுப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி வருடம் வருடமாகப் புரட்டினாள். சரியான சாதனை ஏழு ஐம்பத்தொன்று புள்ளி ஒன்று என்றால் தகுதி நேரம் ஏழு ஐம்பத்தேழு புள்ளி ஒன்று. அதற்குள் வந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பதிமூன்று பேர். மகள் எட்டாவது.

அறிவிப்பைத் தட்டச்சு செய்தாள். தொடக்க மேடை நகர்த்தப்பட்டதால் பந்தயத் தூரம் நாற்பத்திரண்டு மீட்டர் குறைந்திருந்தது. ஆகவே அந்தச் சாதனை நீக்கப்படுகிறது. தன் பெயரை எழுதினாள். போட்டியின்போதே துடுப்பு எண்ணிக்கை குறைந்தது தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தாள். கீழே செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நகல் எடுத்து ஒன்றைத் தலைவரின் மேசையில் வைத்தாள். இன்னொன்றைத் தகுதி நேரப் பட்டியலோடு எல்லாச் சங்கங்களுக்கும் அனுப்பினாள். ஏணியைக் கொண்டுவரச் சொல்லவில்லை. பலகையில் பெயரை அழிப்பது பெயின்டர் வேலை. அதற்கு ஒரு வேலைச்சீட்டு எழுதி வைத்தாள்.

எட்டரை மணிக்கு முதல் எண்ணைச் சுற்றினாள். எண் பழையது, எடுத்தவர் அந்தப் பெண்ணின் அண்ணன். அவர் கொடுத்த எண்ணுக்குப் போட்டாள். பின்னணியில் நாலைந்து தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

“யாருங்க?”

சொன்னாள். இயந்திரங்களின் சத்தம் தொடர்ந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

“இருபது வருஷமாச்சு மேடம்,” என்றாள் அந்தப் பெண். “இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாதும்மா. சொல்லணும், அதான்.”

“எனக்குத் தெம்பு பத்தலன்னு எங்க வீட்டுல சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.” யாரையோ பார்த்து, “ஏய், மெஷின நிறுத்துங்கடி கொஞ்சம்,” என்றாள். சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. “எவ்வளவு உள்ள வந்திருந்தேன்னு சொன்னீங்க?”

“நாலு புள்ளி ஏழு செகண்டு.”

“இருங்க,” என்றாள் அந்தப் பெண். “இருங்க மேடம், வச்சிடாதீங்க. சாக்பீஸ் எடுத்துட்டு வரேன்.”

நெட்டை காத்திருந்தாள். அந்தப் பெண் திரும்பி வந்ததும் எண்ணை மறுபடி மெதுவாகச் சொன்னாள், புள்ளியோடு. பிறகு பட்டியலில் முதல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு இரண்டாவது எண்ணைச் சுற்றினாள்.